மூன்று நாளிதழ்களில் எரிந்த ரோம்

ரோம் நகரத்தில் ஒரு படைத்தலைவரின் வீட்டுத் தோட்டம். வினிசியஸ் என்ற இளம் போர்வீரன் தன் மனத்தில் இருப்பதையெல்லாம் ஒரு பெண்ணிடம் கொட்டிக்கொண்டிருக்கிறான். அவள் பெயர் லிகியா. அவள் வாய் திறக்கவில்லை. தலைகுனிந்தபடி, கையிலிருந்த நாணல் தண்டால் மணலில் எதையோ வரைகிறாள். பிறகு சட்டென்று ஓடி மறைந்துவிடுகிறாள். அவன் குனிந்து பார்க்கிறான். ஒரு மீன். அதற்கு என்ன பொருள் என்று அவனுக்குப் புரியவில்லை. உலகத்தையே கரைத்துக் குடித்தவரான அவனுடைய மாமா பெத்ரோனியஸுக்கும் புரியவில்லை. அந்த மீன் என்ன என்பதைத் தெரிந்துகொள்ள அவன் நகரத்தின் இருட்டுச் சந்துகளுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. இறங்கியவன் பழைய வினிசியஸாகத் திரும்பி வருவதில்லை.

போலந்து எழுத்தாளர் ஹென்றிக் சென்கியேவிச்சின் 'குவோ வாதிஸ்' நாவலின் தொடக்கப் பகுதியில் வரும் காட்சி இது. கிறிஸ்தவ வரலாற்று நாவல் என்றதும் உலகெங்கும் முதலில் நினைவுக்கு வரும் இரண்டு மூன்று பெயர்களில் இது ஒன்று. முதல்முறை நான் இதைப் படித்தது சிங்கங்களுக்காகவும் தீக்காகவும். பல ஆண்டுகள் கழித்து, ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் ஆண்டுக்குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீண்டும் படித்தேன். அப்போது கண்டது வேறு. இந்த நாவலின் முக்கியமான மனிதர்கள் பலர் டாசிட்டஸின் ஒரு வரியிலிருந்து, சில இடங்களில் அரை வரியிலிருந்து பிறந்தவர்கள். அந்த வரிகளை எழுதியவர் ரோமின் செனட்டர், ஆள்பவர்களில் ஒருவர். அவற்றுக்குள் சிக்கியிருந்தவர்களோ அவருக்கு அருவருப்பையோ அலட்சியத்தையோ தந்தவர்கள். வென்றவன் எழுதிய ஏட்டிலிருந்து தோற்றவனை மீட்டெடுக்கும் வேலையைத்தான் சென்கியேவிச் செய்திருக்கிறார். அந்த வித்தை ஒரு போலந்துக்காரருக்கு ஏன் கைவந்தது என்பதில்தான் இந்த நாவலின் பின்புலம் அடங்கியிருக்கிறது.

லிகியாவையே எடுத்துக்கொள்வோம். அது அவளுடைய இயற்பெயர் அல்ல. லிகியர் என்ற குலத்தைச் சேர்ந்தவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். சொந்தப் பெயர் கல்லீனா. கி.பி. 50ஐ ஒட்டி, டான்யூப் ஆற்றுக்கு அப்பால் சுவேபியரை ஆண்ட வன்னியஸ் என்ற அரசனை அவனுடைய சகோதரியின் மகன்களே விரட்டினார்கள். அந்தச் சண்டையில் வன்னியஸின் செல்வத்தின் மேல் கண்வைத்து லிகியர்களும் வேறு சில இனத்தாரும் பெருங்கூட்டமாக வந்தார்கள் என்று டாசிட்டஸ் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார். பேரரசர் கிளாடியஸ் தலையிட விரும்பவில்லை. பன்னோனியாவின் ஆளுநருக்கு ஆற்றங்கரையில் ஒரு படையை நிறுத்தும்படி மட்டும் சொன்னார். ஏட்டில் உள்ளது அவ்வளவுதான். லிகியர் அரசனுக்கு ஒரு மகள் இருந்தாள் என்றோ, அவளைப் பணயமாகப் பிடித்தார்கள் என்றோ டாசிட்டஸ் சொல்லவில்லை. சென்கியேவிச் சொல்கிறார். தம் ஆட்கள் எல்லையைத் தாண்ட மாட்டார்கள் என்பதற்கு ஈடாக மனைவியையும் மகளையும் ரோமர்களிடம் ஒப்படைத்த அரசன் போரில் இறந்துபோகிறான். கேட்க ஆளில்லாத சிறுமி கைமாறிக் கைமாறி ரோமுக்கு வந்துசேர்கிறாள். உடன் வந்தவர்களில் எஞ்சியவன் உர்சஸ் என்ற மலைபோன்ற பணியாள் ஒருவன்தான்.

ஏன் லிகியர்? விஸ்துலா, ஓடர் ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் பழங்காலத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள். இன்றைய போலந்தின் மண் அது. 19ஆம் நூற்றாண்டுப் போலந்து மக்களில் பலர் அவர்களைத் தங்கள் மூதாதையர் என்றே நம்பினார்கள். இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் அப்படி நேர்கோடு போடுவதில்லை; ஸ்லாவிய மக்கள் அந்த நிலத்தில் பரவியது சில நூற்றாண்டுகள் கழித்து என்பதே பொதுவான முடிவு. ஆனால் வாசித்தவர்களுக்கு அது தடையாக இருக்கவில்லை. ரோமின் நடுவில் பணயக் கைதியாக நிற்கும் பெண் தங்கள் வீட்டுப் பெண் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

நாவல் தொடராக வெளிவரத் தொடங்கியது 1895 மார்ச்சில். முடிந்தது 1896 பிப்ரவரியில். அப்போது உலக வரைபடத்தில் போலந்து என்று ஒரு நாடு இல்லை. 1772, 1793, 1795 என்று மூன்று தவணைகளில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அதைத் துண்டுபோட்டு எடுத்துக்கொண்டன. மூன்றாவது பங்கீடு முடிந்து சரியாக நூறு ஆண்டுகள் ஆனபோது தொடர் தொடங்கியது. ரஷ்யாவின் கையிலிருந்த வார்சாவில் 'கசெட்டா போல்ஸ்கா', ஆஸ்திரியாவின் கையிலிருந்த கிராக்கோவில் 'சாஸ்', பிரஷ்யாவின் கையிலிருந்த போஸ்னானில் 'ஜென்னிக் போஸ்னான்ஸ்கி' என மூன்று நாளிதழ்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் இதை வெளியிட்டன. மூன்று பேரரசுகளில், மூன்று எல்லைக் காவல்களுக்குப் பின்னால், ஒரே மொழி பேசும் மக்கள் ஒரே கதையின் அடுத்த பகுதிக்காகக் காத்திருந்தார்கள். தொடர்கதைக்காகத் தபால்காரரின் வரவைப் பார்த்து வாசலில் நின்ற தலைமுறையிடம் கேட்டால் அந்தக் காத்திருப்பு எப்படிப்பட்டது என்று சொல்வார்கள். நாடு துண்டாகிக் கிடந்தபோது அதன் வாசகர்களாவது ஒரே பக்கத்தில் இருந்தார்கள்.

சென்கியேவிச் பிறந்தது 1846இல், ரஷ்யாவின் பிடியிலிருந்த வோலா ஒக்ஷெய்ஸ்கா என்ற சிற்றூரில். 1863இல் ஜார் ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது அவருக்குப் பதினேழு வயது. வார்சாவில் அவர் சேர்ந்த உயர்கல்விக் கூடம் அவர் படித்துக்கொண்டிருக்கும்போதே, 1869இல், ரஷ்ய மொழிப் பல்கலைக்கழகமாக மாற்றப்பட்டது. பட்டம் பெறாமலே வெளியேறினார். 1880களில் தொடக்கப் பள்ளி வரைக்கும் ரஷ்ய மொழி வந்துவிட்டது. மதமும் தப்பவில்லை. நாட்டின் கிழக்குப் பகுதியில் பிராதுலின் என்ற ஊரில், தங்கள் ஆலயத்தை அரசின் ஆர்த்தடாக்ஸ் சபைக்கு விட்டுக்கொடுக்க மறுத்துத் திரண்டு நின்ற கிரேக்க-கத்தோலிக்கக் குடியானவர்கள்மேல் 1874 ஜனவரியில் ரஷ்யப் படை சுட்டது. பதின்மூன்று பேர் இறந்தார்கள். அதே ஆண்டு பிரஷ்யப் பகுதியில் பேராயர் லெதுஹோவ்ஸ்கி சிறையில் அடைக்கப்பட்டார். நாவல் வெளிவந்த சில ஆண்டுகளில், 1901இல், விஷெஸ்னியா ஊர்ப் பள்ளியில் மறைக்கல்வியை ஜெர்மன் மொழியில் சொல்ல மறுத்த குழந்தைகளைப் பிரம்பால் அடித்தார்கள். சென்கியேவிச் அதை எதிர்த்து எழுதினார்; 1906இல் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்.

இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டு, கிறிஸ்தவர்களை விலங்குகளுக்கு இரையாக்கும் ரோமின் அரங்கின் வாசலில் தாயின் கையைப் பிடித்தபடி பாட்டுப் பாடிக்கொண்டு நுழையும் குழந்தைகளைப் பற்றிய அத்தியாயங்களைப் படித்துப் பாருங்கள். வார்சாவின் வாசகருக்கு அது 1,800 ஆண்டுப் பழைய செய்தியாக இருந்திருக்க முடியாது.

இதனால் 'குவோ வாதிஸ்' வெறும் அரசியல் உருவகம், ரோம் என்று எழுதியதை ரஷ்யா என்று மாற்றிப் படித்தால் போதும் என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உர்சஸ் என்பது போலந்து உழவன், அரங்கில் அவன் கையால் கழுத்து முறிந்து சாகும் ஜெர்மானியக் காட்டெருது பிரஷ்யா என்று படிப்பது எளிது. அப்படிப் பலரும் படித்திருக்கிறார்கள். ஆனால் காட்டெருதைக் கொன்றதால் ரோம் வீழவில்லை. வாளெடுத்தவர்கள் யாரும் இந்தக் கதையில் ரோமை வெல்லவில்லை. உர்சஸே தன் கையின் பலத்தைக் கண்டு அஞ்சுகிறவன். கொன்ற பிறகு மண்டியிட்டு அழுகிறவன். சென்கியேவிச் விசுவாசத்தை உறைபோலப் போர்த்திக்கொள்ளவில்லை. துன்பப்படுகிறவர்கள் பழிவாங்கும் ஆசையை என்ன செய்வது என்ற கேள்வியை அவர் உண்மையாகவே கேட்டார். அந்தக் கேள்வி அவருடைய மக்களுக்கு அன்றாடக் கேள்வியாக இருந்தது என்பதுதான் நாவலின் சூடு.

டாசிட்டஸுக்குத் திரும்புவோம். கி.பி. 64 ஜூலை 18 இரவு, ரோமின் பெரிய பந்தயத் திடலை ஒட்டிய கடைகளில் தீப் பிடித்தது. எளிதில் எரியும் சரக்குகள், காற்று, குறுகலான வளைந்த தெருக்கள். ஆறாம் நாள் அடங்கியதுபோல் இருந்து, பேரரசர் நீரோவின் கையாளான திகெல்லினஸின் நிலத்திலிருந்து மீண்டும் கிளம்பியது. நகரத்தின் பதினான்கு வட்டாரங்களில் மூன்று தரைமட்டமாயின, ஏழு சிதைந்தன, நான்கு தப்பின. தீப் பற்றியபோது நீரோ நகரத்தில் இல்லை; கடற்கரை ஊரான அந்தியத்தில் இருந்தார். திரும்பிவந்து வீடிழந்தவர்களுக்குத் தம் தோட்டங்களைத் திறந்துவிட்டார், தானிய விலையைக் குறைத்தார் என்றும் டாசிட்டஸ் எழுதுகிறார். இதையெல்லாம் செய்தும் பயனில்லை. நகரம் எரியும்போது நீரோ ட்ராய் அழிந்த கதையைப் பாடினார் என்ற பேச்சு பரவிவிட்டது. நம் ஊரில் 'ரோம் எரியும்போது நீரோ பிடில் வாசித்தான்' என்று சொல்கிறோமே, அதன் வேர் இந்த வதந்திதான். பிடில் என்ற கருவி அப்போது கிடையாது. நீரோ வாசித்தது கித்தாரா என்ற யாழ்வகைக் கருவி.

வதந்தியை அடக்க நீரோ பழியைச் சுமக்க ஆள் தேடினார். 'மக்கள் கிறிஸ்தவர்கள் என்று அழைத்த, இழிசெயல்களுக்காக வெறுக்கப்பட்ட' ஒரு கூட்டம் கிடைத்தது. விலங்குத் தோலைப் போர்த்தி நாய்களிடம் விட்டார்கள், சிலுவையில் அறைந்தார்கள், பொழுது சாய்ந்ததும் இரவு விளக்குகளாக எரித்தார்கள். இதற்குத் தம் தோட்டத்தையே கொடுத்தார் நீரோ. தேரோட்டியின் உடையில் கூட்டத்தோடு கலந்து நின்றார். டாசிட்டஸுக்குக் கிறிஸ்தவர்கள்மேல் கடுகளவும் பரிவு இல்லை. அது கொடிய மூடநம்பிக்கை என்கிறார், அவர்கள் மனித இனத்தையே வெறுத்தவர்கள் என்கிறார். ஆனாலும் அந்தப் பத்தியின் முடிவில் அவருடைய பேனா ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறது. பொதுநன்மைக்காக அல்லாமல் ஒரு மனிதனின் கொடூரத்துக்காகச் சாகிறார்கள் என்பதால், பார்த்தவர்களிடம் இரக்கம் எழுந்தது.

அந்த இரக்கம் யாருக்கு எழுந்தது? எந்த முகத்தில்? டாசிட்டஸ் சொல்லவில்லை. அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் சென்கியேவிச் உள்ளே போகிறார். நாவலின் உச்சம் என்று நான் கருதும் காட்சி அதிலிருந்து வருகிறது.

கீலோன் என்ற கிரேக்கன். பொய்யன், கோழை, காசுக்காக எதையும் விற்பவன். கிளாக்கஸ் என்ற கிறிஸ்தவ மருத்துவரின் மனைவி மக்களை அடிமைச் சந்தையில் விற்கவைத்து, அவரைக் கத்தியால் குத்திச் சாகும்படி விட்டவன் இவன். பிழைத்துக்கொண்ட கிளாக்கஸ் அவனை மன்னித்துவிட்டார். மன்னிப்பைப் பெற்றுக்கொண்டவன் பின்னால் கிறிஸ்தவர்கள் எல்லாரையும் காட்டிக்கொடுத்து அரசவையில் இடம்பிடித்துவிட்டான். எரியும் கம்பங்களின் வரிசையில் நீரோவோடு நடந்துவரும்போது ஒரு கம்பத்தின் முன் கால் நின்றுவிடுகிறது. மேலே கட்டுண்டிருப்பவர் கிளாக்கஸ். உயிர் இருக்கிறது. குனிந்து கீலோனையே பார்க்கிறார். கீலோனின் முகம் கோணுகிறது. கைகளை உயர்த்தி, கிறிஸ்துவின் பெயரால் மன்னிக்கும்படி அலறுகிறான். சுற்றிலும் பேச்சடங்குகிறது. கம்பத்தின் மேல் தலை மெல்ல அசைகிறது. மன்னிக்கிறேன் என்ற முனகல் கேட்கிறது. கீலோன் குப்புற விழுந்து இரண்டு கையாலும் மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொள்கிறான். எழுந்தபோது அவன் வேறு ஆள். நீரோவை நோக்கி விரலை நீட்டி, தீ வைத்தவன் இவன்தான் என்று ரோம் மக்களுக்குக் கேட்கும்படி கூவுகிறான். பிறகு நாக்கை அறுத்தும் அவன் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

நாவல் முழுக்கத் துணிச்சலான ஆட்கள் நிறைந்திருக்க, உண்மையை உரக்கச் சொல்லும் வேலையை ஆசிரியர் இந்தக் கோழைக்குக் கொடுத்தாரே, அதற்காகவே அவரை வணங்கலாம்.

பொம்பொனியா கிரைசினாவும் இப்படி ஏட்டிலிருந்து எழுந்து வந்தவர். லிகியாவை வளர்க்கும் தாய். பிரிட்டனை வென்ற படைத்தலைவர் அவுலஸ் பிளாட்டியஸின் மனைவியான இவர் உண்மையில் வாழ்ந்தவர். கி.பி. 57இல் 'அயல்நாட்டு மூடநம்பிக்கை'யில் ஈடுபட்டதாக இவர்மேல் குற்றச்சாட்டு வந்தது. பழைய வழக்கப்படி கணவரே உறவினர்களைக் கூட்டி விசாரித்து, குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தார். அநியாயமாகக் கொல்லப்பட்ட உறவுப் பெண் ஜூலியாவுக்காக இவர் நாற்பது ஆண்டுகள் துக்க உடையிலேயே இருந்தார் என்று டாசிட்டஸ் சேர்க்கிறார். அந்த அயல்நாட்டு நம்பிக்கை எது என்று அவர் சொல்லவில்லை. அது கிறிஸ்தவமாக இருந்திருக்கலாம் என்று நெடுங்காலமாக ஓர் ஊகம் உண்டு, உறுதிசெய்ய வழியில்லை. சென்கியேவிச்சுக்கு அந்த ஊகம் போதும். நாற்பது ஆண்டு கறுப்பு உடுத்திய ஒரு பெண்ணின் மௌனத்தை ஒரு வீடாகக் கட்டி, அந்த வீட்டில் லிகியாவைக் குடியேற்றிவிடுகிறார்.

வரலாற்றுக் கண்ணோடு பார்த்தால் நாவல் எங்கெல்லாம் நழுவுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் மணலில் பார்த்தோமே, அந்த மீன். கிரேக்க மொழியில் மீனுக்கு இக்துஸ் என்று பெயர். இயேசு கிறிஸ்து, தேவகுமாரன், இரட்சகர் என்ற சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அந்தப் பெயர் வரும். ஆனால் இந்த அடையாளத்துக்கு நமக்குக் கிடைக்கும் சான்றுகள் இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்துதான் தொடங்குகின்றன. பேதுரு இரவில் போதிக்கும் ஓஸ்திரியானம் என்ற கல்லறை நிலமும் அப்படியே. ரோமின் சுரங்கக் கல்லறைகளைத் தொல்லியலாளர்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த காலத்தில் எழுதியவர் சென்கியேவிச். அந்தப் பரபரப்பு நாவலுக்குள் வந்துவிட்டது. கிறிஸ்தவர்களின் சுரங்கக் கல்லறைகளும் நீரோவுக்கு நூறாண்டுக்குப் பிற்பட்டவை. மறுபுறம், பல திரைப்படங்கள் செய்யும் பிழையை இவர் செய்யவில்லை. கொலோசியம் திறக்கப்பட்டது கி.பி. 80இல், நீரோ இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. நாவலில் கிறிஸ்தவர்கள் சாவது அவசரமாக எழுப்பிய மரத்தாலான அரங்கில்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. ரோம் எரிந்ததையும் கிறிஸ்தவர்கள் தண்டிக்கப்பட்டதையும் காரணகாரியமாக இணைக்கும் பழைய ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் ஒருவர்தான். அவர் எழுதியது தீக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து. இன்னொரு ரோமானிய எழுத்தாளரான சூட்டோனியஸ் கிறிஸ்தவர்களுக்குக் கிடைத்த தண்டனையைத் தனியாக ஒரு வரியில் குறிப்பிடுகிறார், தீயோடு சேர்க்கவில்லை. இதை வைத்து, நீரோ கிறிஸ்தவர்களைத் தீக்காக ஒடுக்கினார் என்பதே பிற்காலக் கதை என்று பிரென்ட் ஷா என்ற வரலாற்றாசிரியர் 2015இல் வாதிட்டார். வேறு அறிஞர்கள் டாசிட்டஸை நம்ப வலுவான காரணம் உண்டு என்று மறுத்தார்கள். விவாதம் தீரவில்லை. எனக்கு டாசிட்டஸின் பத்தி பின்னால் புனைந்ததுபோல் தோன்றவில்லை. கிறிஸ்தவர்களை இவ்வளவு வெறுத்த ஒருவர், அவர்கள்மேல் ஊருக்கு இரக்கம் வந்தது என்று தேவையில்லாமல் எழுதமாட்டார்.

நாவலின் குறையும் எனக்குத் தெரியும். நல்லவர்கள் மங்கலாக இருக்கிறார்கள். லிகியா அந்த மீனை வரைந்த நேரத்தில் இருந்த உயிரோடு பிறகு எப்போதும் இல்லை. துன்பப்படவும் அழகாக இருக்கவுமே அவளுக்கு வேலை. வினிசியஸ் மனம் திரும்பிய பிறகு எழுதும் கடிதங்கள் பல இடங்களில் பிரசங்கம். வாசகர் மனத்தில் தங்குகிறவர் ஞானஸ்நானம் பெறாத பெத்ரோனியஸ்தான்.

இவரும் டாசிட்டஸ் தந்தவர். பகலைத் தூக்கத்திலும் இரவை அலுவலிலும் களிப்பிலும் கழித்தவர், நீரோவின் அவையில் ரசனையின் நடுவர் என்று பெயர்பெற்றவர். நாவலின் முதல் வாக்கியத்திலேயே நண்பகலில்தான் கண்விழிக்கிறார். திகெல்லினஸின் பொறாமையால் கி.பி. 66இல் கூமே என்ற ஊரில் தடுத்துவைக்கப்பட்ட பெத்ரோனியஸ், மரணதண்டனைக்குக் காத்திராமல் நரம்பை அறுத்துக்கொண்டார். உடனே சாகாமல் கட்டுப்போட்டு, அவிழ்த்து, நண்பர்களோடு இலகுவான பாட்டுகளைக் கேட்டபடி மெல்ல இறந்தார். நீரோவின் அந்தரங்க இழிசெயல்களைப் பட்டியலிட்டு முத்திரையிட்டு அவருக்கே அனுப்பினார். பிறகு முத்திரை மோதிரத்தை உடைத்துவிட்டார், அதைக் கொண்டு வேறு யாரையும் சிக்கவைக்கக் கூடாது என்று. மூன்று லட்சம் செஸ்டர்ஸ் நாணயங்களுக்கு வாங்கிய அரிய கல்லாலான பாத்திரமும் நீரோவுக்குப் போகக்கூடாது என்று நொறுக்கினார் என்பதை ரோமானிய எழுத்தாளர் பிளினி சேர்க்கிறார்.

சென்கியேவிச் இதில் ஒன்றை மட்டும் மாற்றினார். அந்தக் கடிதத்தை. நாவலில் பெத்ரோனியஸ் நீரோவின் படுக்கையறையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. தாயைக் கொன்றாய், மனைவியைக் கொன்றாய், ரோமை எரித்தாய், அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்; உன் கவிதையைக் கேட்பதைத்தான் பொறுக்க முடியவில்லை என்கிறார். கொலை செய், ஆனால் பாடாதே. நஞ்சு வை, ஆனால் ஆடாதே. ஊரைக் கொளுத்து, ஆனால் கித்தாராவைத் தொடாதே. கொடுங்கோலனை எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்தவர் எழுதிய கடிதம் அது. அன்பு கொண்ட யூனிஸ் என்ற பெண்ணும் அவரோடு சேர்ந்து இறக்கிறாள். அவர்களோடு தங்கள் உலகத்தில் மிச்சமிருந்த கவிதையும் அழகும் போய்விட்டன என்று விருந்தினர்கள் உணர்ந்ததாக அந்த அத்தியாயம் முடிகிறது. கிறிஸ்தவத்தின் வெற்றியைச் சொல்ல வந்த நாவல், தோற்ற உலகத்துக்கு இவ்வளவு கண்ணியமான ஒரு சாவைக் கொடுத்திருக்கிறது. தோற்றவர்களின் பக்கம் நின்று பார்க்கத் தெரிந்தவர், ரோம் தோற்கும்போது அதன் பக்கமும் நின்று பார்த்தார்.

தலைப்புக்கு வருவோம். சென்கியேவிச் 1893இல் ரோமில் இருந்தபோது, அங்கே வாழ்ந்த போலந்து ஓவியர் ஹென்றிக் ஷெமிராஸ்கி அவரை அப்பியா நெடுஞ்சாலையோரத்திலிருந்த ஒரு சிற்றாலயத்துக்கு அழைத்துச் சென்றார். கிறிஸ்தவர்கள் விளக்குகளாக எரிக்கப்படும் காட்சியை 'நீரோவின் தீப்பந்தங்கள்' என்ற பெரிய ஓவியமாக 1876இலேயே தீட்டியவர் ஷெமிராஸ்கி. அதை 1879இல் அவர் கிராக்கோவுக்குக் கொடையாகக் கொடுக்க, அங்கே தேசிய அருங்காட்சியகம் உருவாக அதுவே தொடக்கமானது. நாவலின் எண்ணம் அந்தச் சிற்றாலயத்தில்தான் தோன்றியது என்று சென்கியேவிச்சே பின்னர் எழுதினார்.

அங்கே வழங்கும் கதை விவிலியத்தில் இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த 'பேதுருவின் பணிகள்' என்ற நூலில் இருக்கிறது. நம் பழைய கத்தோலிக்க வழக்கில் இராயப்பர் என்று அழைக்கப்படும் பேதுரு, சகோதரர்கள் கெஞ்சியதால் உயிர் தப்ப ரோமை விட்டு வெளியேறுகிறார். எதிரே கிறிஸ்து வருகிறார். ஆண்டவரே, எங்கே போகிறீர் என்று பேதுரு கேட்கிறார். ரோமுக்கு, மீண்டும் சிலுவையில் அறையப்பட என்று பதில் வருகிறது. பேதுரு திரும்பிவிடுகிறார்.

யோவான் சுவிசேஷத்தைப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கடைசி இராப்போஜனத்தில் சீமோன் பேதுரு இதையே கேட்கிறார்: "ஆண்டவரே, நீர் எங்கே போகிறீர்?" லத்தீனில் அதே 'தோமினே, குவோ வாதிஸ்'. இப்பொழுது நீ என் பின்னே வரக்கூடாது, பின்பு வருவாய் என்பது இயேசுவின் பதில். அந்த இரவே பேதுரு மூன்று முறை மறுதலித்தார். ஆக, நெடுஞ்சாலையில் அவர் கேட்பது, முப்பது ஆண்டுகளுக்கு முன்பு கேட்டு, பதில் புரியாமல் விட்ட பழைய கேள்வி. இப்போதுதான் 'பின்பு வருவாய்' என்ற சொல்லின் நேரம் வந்திருக்கிறது.

சென்கியேவிச் இதை விடியற்காலையில் வைக்கிறார். பேதுருவும் நசாரியஸ் என்ற சிறுவனும் மட்டும் வெறிச்சோடிய சாலையில் நடக்கிறார்கள். கிழக்கில் பொன்னிறம். சூரியன் மலையிலிருந்து இறங்கி சாலையில் உருண்டுவருவதுபோல் ஓர் ஒளி நெருங்குகிறது. கிழவரின் கைத்தடி நழுவி விழுகிறது, மண்டியிடுகிறார். சிறுவன் கண்ணுக்கு ஒளியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஒரு குரலும் அவன் காதில் விழவில்லை. நெடுநேரம் கழித்துக் கிழவர் எழுந்து, தடியை எடுத்துக்கொண்டு, வந்த வழியே நகரத்தை நோக்கித் திரும்புகிறார். எங்கே போகிறீர்கள் என்று இப்போது சிறுவன் கேட்கிறான். ரோமுக்கு என்கிறார் பேதுரு. அற்புதத்தை நம்பாதவரும் அந்தச் சிறுவனின் இடத்தில் நின்று பார்க்கலாம். அங்கிருந்து பார்த்தால் தெரிவது, ஓடிப்போய்க்கொண்டிருந்த ஒரு கிழவர் திரும்பினார் என்பது மட்டும். நாடில்லாமல் சிதறிப்போன, அமெரிக்காவுக்கும் பாரிசுக்கும் கப்பலும் ரயிலும் ஏறிக்கொண்டிருந்த ஒரு மக்கள் கூட்டம் அந்தக் காட்சியை எப்படிப் படித்திருக்கும்!

1896இல் நூலாகவும் அதே ஆண்டில் ஆங்கிலத்திலும் வந்த நாவல், சில ஆண்டுகளில் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் பரவியது. 1913இல் இத்தாலியிலும் 1951இல் ஹாலிவுட்டிலும் 2001இல் போலந்திலும் படமானது. 1905இல் சென்கியேவிச்சுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அது இந்த நாவலுக்காக என்று பலரும் எழுதுவது தவறு. காவியத் தன்மையுள்ள எழுத்தாளராக அவருடைய ஒட்டுமொத்தச் சாதனைக்கு அளித்தது. போலந்து இறந்துவிட்டது என்றார்கள், இதோ அது வாழ்கிறது என்பதற்கு ஆயிரம் சான்றுகளில் ஒன்று என்ற பொருளில் அவர் ஸ்டாக்ஹோமில் பேசினார். விடுதலையை அவர் காணவில்லை. 1916 நவம்பர் 15 அன்று சுவிட்சர்லாந்தின் வெவே நகரில், போரில் பாதிக்கப்பட்ட போலந்து மக்களுக்காக நிதி திரட்டிக்கொண்டிருந்த வேளையில் இறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1918 நவம்பரில், போலந்து மீண்டும் வரைபடத்துக்கு வந்தது.

அப்பியா நெடுஞ்சாலையின் சிற்றாலயத்தில் 1977 முதல் சென்கியேவிச்சின் மார்பளவுச் சிலை இருக்கிறது. தரையில் இரண்டு பாதங்கள் பதிந்த பளிங்குக் கல்லின் நகல். மூலக்கல் சற்றுத் தள்ளிப் புனித செபஸ்தியார் ஆலயத்தில் உள்ளது. கிறிஸ்து நின்ற இடத்தில் பதிந்த சுவடுகள் என்று பக்தர்கள் முத்தமிட்ட கல் அது. கிறிஸ்தவத்துக்குப் புறம்பான யாரோ ஒரு பழங்காலப் பயணி, பத்திரமாக ஊர் திரும்ப வேண்டிக்கொண்டு தெய்வத்துக்குச் செய்துவைத்த காணிக்கையாக இருக்கலாம் என்று தொல்லியலாளர்கள் கருதுகிறார்கள். சென்கியேவிச்சின் உடல் 1924இல் ரயிலில் வார்சாவுக்கு வந்தது. வழியெங்கும் நிலையங்களில் மக்கள் நின்றிருந்தார்கள்.